மான் மேய ஒரு டன் கல்மாவு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கேரி, மோரிஸ்வில் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டிருக்கும் தமிழர்களிடம் மான் பேச்சை எடுத்தால் போதும், பொருமித் தீர்த்துவிடுவார்கள். அவரைக் கொடியைப் பந்தல் ஏறும் முன்பே மொட்டையடித்துவிடும். வெண்டையில் இலை தங்காது. வலை கட்டுவது, முட்டைக் கரைசல் தெளிப்பது, சோப்புக்கட்டியைத் தொங்கவிடுவது என்று ஆளுக்கொரு வைத்தியம். இதே வட கரோலினாவில், வடக்கே ஒன்றேகால் மணி நேரம் வண்டி ஓட்டினால், அதே மானை வரவழைக்க மெனக்கெட்டு நிலத்தைப் பண்படுத்தி விதைக்கிறார்கள். காட்டுக்கு நடுவே கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று மரத்தை வெட்டித் திறந்து, க்ளோவர் (பயறுவகைத் தீவனச் செடி), ஓட்ஸ், கோதுமை, டர்னிப் என்று எதையாவது போட்டு வைக்கும் இந்தத் துண்டு நிலத்துக்கு ஃபுட் ப்ளாட் என்று பெயர். மனிதன் அறுக்காத வெள்ளாமை. வேட்டைப் பருவத்தில் மான் அங்கே வந்து நிற்க வேண்டும், மற்ற மாதங்களில் தின்று கொழுக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

எனக்கு வேட்டையில் ஈடுபாடு கிடையாது. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு வர்ஜீனியா எல்லையை ஒட்டிய காஸ்வெல் கவுண்டியில் கொஞ்சம் காட்டு நிலம் உண்டு. துணைக்கு வாயேன் என்று கூப்பிடுவார், நானும் சனிக்கிழமைகளில் போய்விடுவேன். என்னை இழுத்தது அந்த மண்தான். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்தவன். எங்கள் காட்டில் ஒரு முழம் தோண்டினால் சுக்கான் கல் வரும். மண்ணில் சுண்ணாம்பு கூடிப்போச்சு, இரும்புச் சத்து ஏற மாட்டேங்குது, பயிர் வெளுக்குது என்பதுதான் எங்கள் ஊர்ப் புகார். களர் நிலமாக இருந்தால் ஜிப்சம் அடிப்போம். அப்படிப்பட்டவனிடம் வந்து, மண்ணுக்கு டன் கணக்கில் சுண்ணாம்புக் கல்லை அரைத்துப் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னால் ஆச்சரியமாக இருக்காதா?

அந்த ஊர் மண் செக்கச்செவேல் என்று இருக்கும். செசில் என்ற மண்வகை. வட கரோலினாவின் மாநில மண் என்றே அதைச் சொல்வார்கள். கிரானைட்டும் நைஸ் பாறையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் மக்கி உண்டானது. தாய்ப்பாறையிலேயே கால்சியம் குறைவு. அதன் மேல் ஆண்டுக்கு நாற்பத்தைந்து அங்குலம் மழை. இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அந்தத் தண்ணீரோடு கீழே இறங்கிப் போய்விட, களிமண் துகள்களைப் பிடித்துக்கொண்டு மிஞ்சுவது ஹைட்ரஜனும் அலுமினியமும். உழாமல் விட்ட காட்டு மண் என்றால் பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், ஏழு நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஐந்துக்கு அருகில் நிற்பது சாதாரணம். க்ளோவருக்கு ஆறிலிருந்து ஆறரை வேண்டும். ஐந்துக்கும் ஆறுக்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். அந்த ஓர் எண், அமிலத்தில் பத்து மடங்கு.

பெரியவர் முதலில் மற்றவர்களைப் போல விதையில்தான் காசைக் கொட்டினார். பண்ணைக் கடைகளில் இதற்கென்றே ஒரு வரிசை ஒதுக்கியிருப்பார்கள். கிளை கிளையாகக் கொம்பு விரிந்த ஓர் ஆண்மான் முறைத்துப் பார்க்கும் படம் போட்ட பைகள். உழவே வேண்டாம், தூவிவிட்டு வந்தால் போதும் என்று பையின் மேலேயே எழுதியிருக்கும். நல்ல விதைதான், குறை சொல்ல முடியாது. முளைக்கும், இரண்டு மூன்று இலை விடும், பச்சைப் படுதா விரித்ததுபோல் ஒரு மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அப்புறம் வெளிறும். அடுத்த வெயிலில் காய்ந்து, அந்த இடத்தில் ப்ரூம்செட்ஜ் என்ற புல் ஏறிவிடும். குளிர்காலத்தில் வைக்கோல் நிறத்தில் இடுப்பளவு நிற்கும் இந்தப் புல்லும், புளிப்பிலை கொண்ட சாரல் (sorrel) என்ற செடியும் அடர்ந்திருந்தால் மண் இளைத்துப் புளித்துக் கிடக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

அப்படி வெளிறிப்போன ஒரு க்ளோவர் செடியைக் குத்துமண்ணோடு பெயர்த்து, உதறி, என் கையில் கொடுத்தார். வேர் விரல் நீளம்கூட இல்லை. நேராகக் கீழே போக வேண்டியது பக்கவாட்டில் மடங்கியிருந்தது. நுனி தடித்துப் பழுப்பேறி, சல்லிவேர் என்று ஒன்றுமே இல்லை. அலுமினியத்தின் வேலை அது. நடுநிலையான மண்ணில் அலுமினியம் களிமண்ணுக்குள் பூட்டிக் கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. பிஎச் ஐந்தரைக்குக் கீழே இறங்க இறங்கக் கரைந்து வெளியே வந்து வேர்நுனியைத் தாக்கும். வேர் மேல் நாலு அங்குலத்திலேயே நின்றுவிட்டால் செப்டம்பர் வறட்சியில் செடி எதைக் குடிக்கும்? இது போதாதென்று, போட்ட பாஸ்பரஸையும் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து பிடித்து வைத்துக்கொள்ளும். உளுந்தையோ கடலையையோ பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு வேர்முடிச்சு தெரிந்திருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். அந்தச் செடியில் இருந்ததே ஒன்றிரண்டு முடிச்சுதான், அவையும் வெள்ளையாக இருந்தன. முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கும் இந்தப் புளிப்பு ஆகாது.

சரி, எவ்வளவு சுண்ணாம்பு போடுவது? இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே பிஎச் காட்டும் இரண்டு மண்ணுக்கு மூன்று மடங்கு வித்தியாசத்தில் சுண்ணாம்பு தேவைப்படலாம். பிஎச் காட்டுவது மண்ணீரில் இப்போது கரைந்திருக்கும் அமிலத்தை மட்டும். களிமண்ணும் மட்கும் தம் மேல் பிடித்து வைத்திருக்கும் கையிருப்பு அமிலம் அதைவிடப் பல மடங்கு. சுண்ணாம்பு கரைந்த அமிலத்தைத் தீர்க்கத் தீர்க்க, கையிருப்பு இறங்கி வந்து அந்த இடத்தை நிரப்பும். கடற்கரைப் பக்கத்து மணலில் கையிருப்பு குறைவு, அரை டன்னில் காரியம் முடியலாம். செங்களியில் அது நடக்காது. இந்தக் கையிருப்பை அளக்க பிஎச் எளிதில் மாறாத ஒரு பஃபர் கரைசலோடு மண்ணைக் கலந்து பார்க்கிறார்கள். ராலேயில் மாநில வேளாண் துறையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த அடால்ஃப் மெஹ்லிக் என்பவர் 1976-ல் வெளியிட்ட முறை அது. சத்துக்களைப் பிரித்தெடுக்க அவர் 1984-ல் கொடுத்த மெஹ்லிக்-3 கரைசல் இன்றைக்கும் அமெரிக்காவில் பல மாநில ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் மண் அனுப்பியது அந்த ஆய்வகத்துக்குத்தான்.

மண் எடுப்பதில் ஒரே ஒரு கவனம் வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள வாளியில் எடுத்தால் அறிக்கையில் துத்தநாகம் தாறுமாறாக ஏறும், அதனால் பிளாஸ்டிக் வாளி. நிலம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பதினைந்து இருபது இடத்தில் ஆறு அங்குல ஆழம் வரை குத்தி எடுத்துக் கலந்து, ஒரு சின்ன அட்டைப்பெட்டி அளவு அனுப்பினால் போதும். வந்த அறிக்கையில் பிஎச் 4.9. ஏக்கருக்கு இரண்டு டன் சுண்ணாம்பு.

இங்கே சுண்ணாம்பு என்பது நாம் வெள்ளையடிக்கிற, வெற்றிலைக்குத் தடவுகிற நீற்றிய சுண்ணாம்பு இல்லை. சுடாத பச்சைக் கல்லை மாவாக அரைத்தது. கால்சியம் கார்பனேட், அல்லது மெக்னீசியமும் கலந்த டோலமைட். நீற்றிய சுண்ணாம்பு இதைவிட வீரியமானதுதான். சுத்தமான கால்சியம் கார்பனேட்டை நூறு என்று வைத்தால் டோலமைட் நூற்றெட்டு, நீற்றியது நூற்று முப்பத்தைந்து. ஆனால் அது கையைப் பொத்துவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து, கொஞ்சம் கூடினால் பிஎச் எகிறிவிடும். காட்டுக்குள் முதுகில் சுமந்து கையால் தூவுகிறவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. ஜிப்சமும் இங்கே உதவாது. அதிலும் கால்சியம் இருக்கிறதே என்று நான் கேட்டேன், கரிசல் புத்தி. அமிலத்தைத் தீர்ப்பது கார்பனேட். அமிலத்தோடு சேர்ந்து அது நீரும் கரியமில வாயுவுமாகப் பிரிந்து போய்விடுகிறது, காலியான இடத்தில் கால்சியம் உட்காருகிறது. ஜிப்சத்தில் இருப்பது சல்பேட். அது சோடியத்தை வெளியேற்ற உதவும், புளிப்பை எடுக்காது.

இன்னொன்று, கல்மாவு எவ்வளவு நைசாக இருக்கிறது என்பது. பருமணல் அளவுத் துகள் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும், முகப்பவுடர் பதத்தில் இருப்பது சில மாதங்களில் கரையும். அதனால்தான் மாவாக இருக்கும் மலிவுச் சுண்ணாம்பையும், அந்த மாவையே ஒட்டவைத்து உருட்டிய குருணைச் சுண்ணாம்பையும் தனித்தனியாக விற்கிறார்கள். குருணை போட்டால் மாவைவிடக் குறைவாகப் போதும் என்று பேச்சு உண்டு. கரைந்தபின் இரண்டும் ஒன்றுதான், எடைக்கு எடை பெரிய வித்தியாசமில்லை. குருணையில் வசதி என்னவென்றால் தூவியில் அடைக்காது, காற்றில் பறந்து மூக்கில் ஏறாது. திரவச் சுண்ணாம்பு என்று இரண்டரை காலன் டப்பாவிலும் வருகிறது. ஏக்கருக்கு ஒன்றிரண்டு டப்பா போதும் என்று விளம்பரம். தூக்கிப் பார்த்தால் ஒரு மூட்டைச் சுண்ணாம்பின் எடைகூட இல்லை, அதிலும் பாதித் தண்ணீர். ஒரு டன் கல் செய்கிற வேலையை அது எப்படிச் செய்யும்?

பெரியவரின் ப்ளாட் அரை ஏக்கர், நம் கணக்கில் ஐம்பது சென்ட். ஆக ஒரு டன். இங்கே டன் என்றால் இரண்டாயிரம் பவுண்டு. நாற்பது பவுண்டு மூட்டையாக வாங்கினால் ஐம்பது மூட்டை. மூட்டை ஐந்தாறு டாலர். லாரியில் மொத்தமாக அடித்தால் இதில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது, அவர்களே தூவியும் கொடுத்துவிடுவார்கள். ஆனால் குறைந்தது சில டன்னாவது எடுக்க வேண்டும், லாரி உள்ளே வர வேண்டும். மரம் வெட்டப் போட்ட பழைய மண்பாதையில், ஓடையைத் தாண்டி, லாப்லாலி பைன் மரங்களுக்கு நடுவே எந்த லாரிக்காரன் வருவான்? ஃபுட் ப்ளாட்டின் இக்கட்டே இதில்தான் இருக்கிறது. மானுக்குப் பிடித்த இடம் லாரி எட்டாத இடம்.

ஆக, ட்ரெய்லரில் கொண்டுவந்து, பாதை முடியும் இடத்தில் இறக்கி, ஏடிவி வண்டியில் நாலைந்து மூட்டையாக ஏற்றி உள்ளே கொண்டுபோனோம். தடதடவென்று ஆடிக்கொண்டே போகும் வண்டியில் மூட்டை சரியாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. பின்னால் மாட்டிய சின்னத் தூவி ஒரு நேரத்தில் இரண்டரை மூட்டைதான் கொள்ளும். கிழக்கு மேற்காகப் பாதி, தெற்கு வடக்காகப் பாதி தூவினார். அப்படித் தூவினால் விட்டுப்போன பட்டைகள் இருக்காது. முதல் பாதி போட்டதும் சட்டிக் கலப்பை ஓட்டி, மறுபாதியைத் தூவி மறுபடி ஓட்டினார். சுண்ணாம்பு தானாக இறங்காது. மேலே தூவி விட்டுவிட்டால் வருஷத்துக்கு ஓர் அங்குலம் இறங்கினால் அதிகம். மண்ணோடு கலந்தால்தான் ஆறு அங்குலத்துக்கும் பலன். சாயங்காலம் பார்த்தால் இரண்டு பேர் புருவமும் நரைத்திருந்தது. அவருக்கு ஏற்கெனவே நரைதான், எனக்குத்தான் புதுசு.

இது நடந்தது மார்ச்சில். விதைப்பு செப்டம்பர் நடுவில். இடையில் ஆறு மாதம் மண் சும்மா கிடக்க வேண்டியதில்லை, காராமணியும் லேப்லாப் என்று விற்கும் மொச்சையும் விதைத்தார். இரண்டும் க்ளோவரை விடப் புளிப்பைத் தாங்கும். தெற்கு மாநிலங்களில் மானுக்கென்றே மொச்சை விதை மூட்டை மூட்டையாக விற்பனையாகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. கேரியில் எங்கள் வீட்டுப் பந்தலில் மான் ஏன் அப்படி வெறிகொண்டு மேய்கிறது என்பதும் அன்றைக்கு விளங்கியது.

இந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போட வேண்டும் என்பதை அந்த வட்டாரத்தில் முதலில் ஊன்றிச் சொன்னவர் வர்ஜீனியாவின் எட்மண்ட் ரஃபின். 1818-ல் ஜேம்ஸ் ஆற்றங்கரைப் பண்ணையில், பூமிக்கடியில் கிடந்த பழைய கடற்சிப்பிப் படிவத்தைத் தோண்டி வயலில் பரப்பினார். மார்ல் என்பார்கள். மக்காச்சோள விளைச்சல் கண்கூடாக ஏறியது. 1832-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அப்போதைய வழக்கம் என்னவென்றால், புகையிலையும் மக்காச்சோளமும் போட்டு மண் செத்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு மேற்கே அலபாமா பக்கம் புது மண் தேடிப் போய்விடுவது. போகாமல் இருந்த இடத்தையே திருத்தலாம் என்றார் ரஃபின். நல்ல யோசனை. ஆனால் அந்தச் சிப்பிமண்ணைத் தோண்டியதும் சுமந்ததும் பரப்பியதும் அவருடைய அடிமைகள். போவதா இருப்பதா என்ற கேள்வியே அவர்களுக்குக் கிடையாது. அடிமைமுறையை விடாப்பிடியாக ஆதரித்தவர் ரஃபின். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தொடங்கி வைத்த தாக்குதலில், சம்டர் கோட்டையின் மேல் முதலில் குண்டு எறிந்தவர்களில் ஒருவர். தென்பக்கம் தோற்றதும் 1865-ல் தற்கொலை செய்துகொண்டார். அமெரிக்க மண்ணியல் வரலாற்றில் அவரைத் தவிர்க்கவும் முடியாது, மனசார மெச்சவும் முடியாது.

அவருடைய கேள்வி மட்டும் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. பெரியவருடைய நிலத்தை ஒட்டி ஒரு மரக் கம்பெனியின் காடு. வேட்டைக்குழு ஒன்று அதை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. அவர்களும் ப்ளாட் போடுகிறார்கள், அவர்களுக்கும் அதே 4.9 மண்தான் இருக்கும். யாரும் சுண்ணாம்பு போடவில்லை. சோம்பல் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அவர்களில் ஒருவரிடம் பேசியபோது சொன்ன காரணம் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இன்றைக்குப் போடும் சுண்ணாம்பு அடுத்த வருஷம்தான் முழுசாக வேலை செய்யும், அதற்குப் பிறகும் மூன்று நாலு வருஷம் நிற்கும். அடுத்த வருஷம் குத்தகை யார் கையில் இருக்கும் என்று தெரியாதபோது ஒரு டன் கல்லை எதற்குச் சுமக்க வேண்டும்? எங்கள் ஊரிலும் குத்தகைக் காட்டுக்கு எவனும் கரம்பை அடிக்க மாட்டான். சொந்தக் காட்டுக்குத்தான் கண்மாய் மண் போகும், குத்தகைக் காட்டுக்கு அந்தந்தப் போகத்துக்கு உண்டான யூரியா மட்டும்.

அவர்கள் செய்தது புத்திசாலித்தனம்தான் என்பேன். க்ளோவர் பக்கம் போகாமல் ரை என்ற தானியத்தை விதைத்தார்கள். பிஎச் ஐந்திலும் பிழைத்துக்கொள்ளும், ஒரு குளிர்காலத்துக்குப் பச்சை கொடுக்கும், செலவு கொஞ்சம். அந்த மண்ணுக்கும் அந்தக் குத்தகைக்கும் அது சரியான பயிர். வருத்தம் அவர்கள் மேல் இல்லை. ஐந்து வருஷக் குத்தகை எழுதிக் கொடுத்தால் அவர்களே சுண்ணாம்பு போடுவார்கள், மண் திருந்துவதில் கம்பெனிக்கும் நஷ்டமில்லை. எழுதிக் கொடுப்பதற்குத்தான் ஆளில்லை.

கொம்புக்குச் சுண்ணாம்பு நல்லது என்று ஒரு நம்பிக்கை வேட்டைக்காரர்களிடம் உண்டு. கொம்பு ஆண்டுதோறும் விழுந்து ஆண்டுதோறும் முளைப்பது, அதன் எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும்தான் அதிகம், அதனால் மண்ணில் கல்லைக் கொட்டினால் கொம்பு பெருக்கும் என்பது கணக்கு. அப்படி நேர்வழி எதுவும் இல்லை. கொம்பு வேகமாக வளரும் கோடையில் மான் தன் விலா எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் நிரப்பிக்கொள்கிறது. கொம்பின் அளவுக்கு வயதும் பரம்பரையும் மொத்தத் தீனியும் காரணம். சுண்ணாம்பு செய்வது க்ளோவரை உயிரோடு வைப்பது. நன்றாக வளர்ந்த க்ளோவரில் புரதம் இருபது சதவீதத்துக்கு மேல். காடு வெறிச்சோடிக் கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் சினைமானுக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த வசந்தத்தில் போய்ப் பார்த்தபோது க்ளோவர் கணுக்கால்கூட எட்டவில்லை. நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன். பெரியவர் சிரித்துக்கொண்டே ப்ளாட்டின் நடுவே இருந்த கம்பிக்கூண்டைக் காட்டினார். வலையை வட்டமாகச் சுருட்டி, இரண்டு முளையடித்து, மான் வாய் எட்டாதபடி விதைக்கும்போதே நட்டு வைத்தது. அதற்குள் க்ளோவர் முழங்காலைத் தொட்டுக்கொண்டு, கம்பிக்கு வெளியே தலை நீட்டியிருந்தது. நீட்டிய தலையெல்லாம் கத்தரித்த மாதிரி கடிபட்டிருந்தது. ஒரு செடியைப் பிடுங்கினேன். முழுசாக வரவில்லை, பாதியில் அறுந்தது. வந்த மட்டும் பார்த்ததில் முடிச்சுகள் கொத்தாக இருந்தன. கிள்ளினால் சிவப்பு.

மறுபடி அனுப்பிய மண்ணில் பிஎச் 5.8 என்று வந்தது. ஆறைத் தொடவில்லை. மாவான துகள் வேலையை முடித்திருக்கும், பெருந்துகள் இன்னும் கரைந்துகொண்டிருக்கும், அவசரப்பட்டு மறு டன் கொட்ட வேண்டாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். ஏழைத் தாண்டிவிட்டால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஏறாது. அந்த வியாதி எப்படி இருக்கும் என்று கரிசல்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு அக்டோபரில் வெள்ளை ஓக் மரத்துக் காய்கள் உதிரத் தொடங்கியதும் மான்கள் க்ளோவரை அம்போவென்று விட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டன. காய் நன்றாகப் பிடித்த வருஷங்களில் அப்படித்தான், யார் என்ன விதைத்தாலும் திரும்பிப் பார்க்காது. பெரியவருக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை. காய் தீர்ந்ததும் வரும் என்றார், டிசம்பரில் வந்தன.

வட கரோலினாவில் இருந்துகொண்டு மானுக்கோ அவரைக்காய்க்கோ நிலம் வைத்திருப்பவர்கள், மண் பரிசோதனைக்கு அனுப்புவதானால் நவம்பருக்குள் அனுப்பிவிடுங்கள். வருஷத்தில் பெரும்பகுதி இலவசம், டிசம்பரிலிருந்து மார்ச் வரை நெரிசல் மாதங்களில் மட்டும் சிறு கட்டணம், முடிவு வரவும் நாளாகும். பெட்டியும் படிவமும் கவுண்டி வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் சும்மாவே கிடைக்கும். என்ன பயிர் என்று படிவத்தில் ஓர் இடம் இருக்கும், அதை மறக்காமல் நிரப்புங்கள், சுண்ணாம்புக் கணக்கு அதை வைத்துத்தான் வரும்.